எந்தப் பட்டியலிலும் இல்லாதவன்

பதினான்கு பேரை வீட்டுக்கு அனுப்பி முடித்தபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. கரின் ஓல்ஸ்டட் தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தாள். மார்ச் கடைசி வாரத்தில் வருஷா வருஷம் இப்படி ஒரு காலை வரும். லூயிவில் ஹெரன்ஸ் பேஸ்பால் கிளப்பின் கிளை அணிகளில் இடம் இவ்வளவுதான் என்று ஒரு கணக்கு உண்டு. ஃப்ளோரிடாவுக்குப் பயிற்சிக்கு வருகிறவர்கள் அதைவிட அதிகம். மிஞ்சியவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லவேண்டும். இளம் ஆட்டக்காரர்களை வளர்த்தெடுக்கும் பிரிவுக்கு அவள் தலைவி. எனவே சொல்வதும் அவள்தான்.

இரண்டு பேர் அழுதார்கள். ஒருவன் நன்றி சொன்னான். இன்னொருவன், தன் மட்டைகளை யார் பார்சல் கட்டுவார்கள் என்று மட்டும் கேட்டான்.

பதினாறு வருஷத்துக்கு முன் இதே கிளப்பில் கரின் பார்த்த முதல் வேலையும் இதைச் சேர்ந்ததுதான். விடிகாலையில் உடைமாற்றும் கூடத்து வாசலில் பட்டியலோடு நிற்கவேண்டும். பட்டியலில் உள்ளவன் வந்தால், "உங்களை மேலே கூப்பிடுறாங்க" என்று சொல்லவேண்டும். அந்த வாரம் முழுக்க ஆட்டக்காரர்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். ஒருவன் அவளைத் தவிர்க்க சமையலறை வழியாக உள்ளே போய், மாவு மூட்டையில் தடுக்கி விழுந்தான். அவன் பெயர் பட்டியலில் இல்லவே இல்லை.

அதன்பிறகு ஆட்ட வீடியோக்களை வெட்டித் தொகுத்தாள். புது ஆள் தேடி மூன்று மாநிலங்களில் பள்ளி மைதானங்களுக்குக் கார் ஓட்டினாள். பிறகு, நாலு வருஷத்துக்கு முன், பந்து வீச்சாளர்களுக்கான திட்டத்தை எழுதினாள். ஒவ்வொருவனுக்கும் ஒரு தாள். கை எந்த உயரத்தில் இருந்து பந்தை விடவேண்டும், எவ்வளவு சுழலவேண்டும் என்று அதில் இருக்கும். சாரம் ஒன்றுதான்: கையை மேலே தூக்கு. இரண்டே வருஷத்தில் கிளப்பின் சராசரி வேகம் மணிக்கு இரண்டு மைல் கூடியது. மற்ற கிளப்புகள் விசாரித்தன. இந்த நாற்காலி அப்படித்தான் அவளுக்கு வந்தது.

தொலைபேசி அடித்தது.

"மேடம், லீக் ஆபீஸ்ல இருந்து பேசுறேன். உங்க கிளப்புல நூத்தி அறுபத்தாறு பேர் இருக்காங்க. நூத்தி அறுபத்தஞ்சுக்கு மேல கூடாது."

"நூத்தி அறுபத்தஞ்சுதான் இருக்கு. இப்பதான் எண்ணினேன்."

"எதை எண்ணினீங்க?"

"சுவத்துல இருக்கிற பலகையை."

"நாங்க கம்ப்யூட்டரை எண்ணுறோம், மேடம். ரெண்டு மணிக்குள்ள ஒரு பேரை எடுத்துட்டு அனுப்பிடுங்க."

கரின் எழுந்து போய்ப் பலகை முன் நின்றாள். பந்து நொடிக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று அளக்க இயந்திரம் வைத்திருக்கும் கிளப் அது. ஆனால் யார் எந்த அணி என்பதற்கு எல்லாரும் நம்புவது இந்தப் பலகையைத்தான். சுவர் நீளத்துக்கு ஓர் இரும்புத் தகடு. ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் பெயர் எழுதிய ஒரு காந்தப் பட்டை. மாலை ஐந்து மணிக்குப் பலகையைப் பார்த்துத்தான் மறுநாள் அட்டவணையைத் தட்டச்சு செய்வார்கள்.

பந்து வீச்சாளர்களுக்குப் பொறுப்பாளரான ராய்ஸ் தாம்லினைக் கூப்பிட்டாள். டெக்சாஸ்காரர். வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை. கம்ப்யூட்டர் பட்டியலை அவர் வாசிக்க, அவள் பலகையில் விரல் வைத்துத் தேடினாள். நூற்றுச் சொச்சம் பெயர்களைத் தாண்டியதும் விரல் நின்றது.

"ரூடி, எமெட்," என்றார் தாம்லின் மறுபடியும்.

"இல்லையே."

"நெப்ராஸ்கா பையன். விரல்ல கொப்புளம் வந்துச்சே, அதனால காயம்பட்டவங்க வரிசைக்கு நான்தான் நகர்த்தி வச்சேன்."

"எப்போ?"

"எட்டாந்தேதி."

"கொப்புளம் ஆறப் பதினெட்டு நாளா, ராய்ஸ்?"

தாம்லின் பலகையின் கீழ் விளிம்பைப் பார்த்தார். காயம்பட்டவர்கள் வரிசைக்கு நேர் கீழே சின்ன குளிர்பெட்டி இருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, பெட்டிக்குப் பின்னால் கையை விட்டார். ஒரு பேனா வந்தது. ஒரு கரண்டி வந்தது. அப்புறம், தூசி அப்பிய ஒரு பட்டை வந்தது.

"இந்தக் கரண்டியைத்தான் போன வருஷம் பூரா தேடினேன்," என்றார்.

கரின் சிரிக்கவில்லை. பதினெட்டு நாளாக அந்தப் பையன் எந்த அணியிலும் இல்லை. எந்த அட்டவணையிலும் இல்லை. எந்தப் பயிற்சியாளரிடமும் இல்லை.

"இப்ப அவன் எங்க?"

"ஊருக்குப் போயிருப்பான்."

உடைமாற்றும் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஓர்ட்டிஸைக் கேட்டார்கள். துண்டுகளை மடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "தொண்ணூத்தொண்ணாம் நம்பரா? தினம் காலையில ஆறு மணிக்கு வந்துடுறான். அவன் சட்டையை நான்தானே துவைக்கிறேன். முட்டை நாலு சாப்பிடுவான்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க எல்லாருக்கும் தெரியும். மாடியில இருக்கிறவங்களுக்குத் தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியாது."

கரின் பொது மேலாளர் வின்ஸ் ஃபெல்டனுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். ஃபெல்டன் கடைசிவரை கேட்டார்.

"போன வருஷம் அவன் எப்படி?"

"மோசம். வேகம் கூடுச்சு. அடி நிறைய வாங்கினான்."

"அப்புறம் என்ன, வேலை சுலபமாப் போச்சு. எந்த அணியிலயும் இல்லாதவனை எடுத்தா எந்தப் பயிற்சியாளரும் என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தமாட்டான். அவனையே அனுப்பிடு. இன்னொண்ணு, கரின். வெள்ளிக்கிழமை ஓனர்கிட்ட உன் விஷயம் பேசுறேன். துணைப் பொது மேலாளர். அதுவரைக்கும் காந்தம் கழண்டு விழுந்த கதை அந்த ரூமைத் தாண்ட வேணாம்."

சரி என்றாள். காலையிலேயே பதினான்கு முறை சொன்னதை இன்னொரு முறை சொல்லவேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவனை மேலே கூப்பிட அவளுக்கு மனம் வரவில்லை. தானே போய்ச் சொல்வதென்று கிளம்பினாள். தாம்லினும் கூட வந்தார்.

ஆறாவது மைதானம் கடைசியில் இருந்தது. அதற்கு அப்பால் வேலி, வேலிக்கு அப்பால் சதுப்பு. மட்டையாளர்கள் நாலு பேர் முறை வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். பந்து வீசும் மேட்டின் மேல் நின்று அவர்களுக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்தவன் முதுகில் தொண்ணூற்றொன்று என்று இருந்தது.

கரின் வலைக்குப் பின்னால் நின்றாள். அடிக்கிறவர்கள் குழுவுக்கு வீச ஆள் குறைந்தால் இவனே முன்வந்து நிற்பானாம். பயிற்சியாளர்கள் ஒவ்வொருவரும் இவனை இன்னொருவருடைய ஆள் என்று நினைத்திருந்தார்கள். தாம்லின் வழியிலேயே நாலு பேரை விசாரித்து இதைத் தெரிந்துகொண்டார்.

ரூடி பந்தை விட்டான். கரின் தன்னையறியாமல் ஓர் அடி முன்னே வந்தாள். கை மேலே போகவில்லை. இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, பக்கவாட்டில் இருந்து, ஏரியில் தட்டையான கல்லை விட்டெறிகிற மாதிரி வந்தது. மட்டையாளன் தொடையுயரத்தில் மட்டையைச் சுழற்றினான். பந்து அதற்குள் அவன் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது.

"வேகம் என்ன?" என்றாள்.

தாம்லின் கையிலிருந்த வேக அளவியைப் பார்த்தார். "எண்பத்தேழு. போன வருஷம் இவன் தொண்ணூத்திரண்டு போட்டான்."

அடுத்த பந்தில் மட்டை முறிந்தது. அதற்கு அடுத்தது மேட்டுக்கே உருண்டு வந்தது. மூன்றாவது ஆளாக வந்தவன் பெரிய உடம்புக்காரன். போன வருஷம் இருபத்தாறு முறை பந்தை வேலிக்கு வெளியே அனுப்பியவன். அவன் இரண்டு பந்தைத் தவறவிட்டு, மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு மேட்டைப் பார்த்துக் கத்தினான்.

"டேய், நீ யார்றா? எந்த டீம்?"

"நான் சும்மா வந்தேன்," என்றான் ரூடி.

"சும்மா வந்தவன் சும்மா போட வேண்டியதுதானே."

கரினின் போன் அடித்தது. ஃபெல்டன். முடிந்ததா என்றார். இன்னும் இல்லை என்றாள். ஏன் என்றார். அவன் பந்து போட்டுக்கொண்டிருக்கிறான் என்றாள். இணைப்பைத் துண்டித்துவிட்டு நிமிர்ந்தபோது ரூடி அவளைப் பார்த்துவிட்டான். அந்த வாரத்தில் அவளைப் பார்க்கிற முகங்கள் எப்படி வெளுக்கும் என்பது அவளுக்குப் பழக்கம். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு வலைக்கு அருகே வந்தான்.

"மேடம், இன்னும் ரெண்டு பேருக்குப் போட வேண்டியிருக்கு. அது முடிஞ்சதும் சொல்றீங்களா?"

"முடிச்சிட்டு வா."

முடித்துவிட்டு வந்தான். இருபத்து மூன்று வயது. காதெல்லாம் வெயிலில் உரிந்திருந்தது. மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"அட்டவணையில பேர் இல்லன்னு ஏன் யார்கிட்டயும் கேக்கல?"

"கேட்டா உங்களுக்கு ஞாபகம் வந்துடும்ல."

"என்ன ஞாபகம்?"

"என்னை அனுப்பணும்ங்கிறது. பேர் இல்லன்னாலே அதுதானே அர்த்தம்? மறந்துட்டீங்கன்னு நினைச்சேன். ஒரு நாள் கூடுதலாக் கிடைச்சா ஒரு நாள் போடலாம். அப்படியே பதினெட்டு நாள் ஓடிப்போச்சு."

தாம்லின் விதைத் தோலைத் துப்பினார். "கையை ஏன் இறக்கின? உன் தாள்ல அப்படி இல்லையே."

ரூடி கரினைப் பார்த்தான், பிறகு தன் காலணியைப் பார்த்தான். "யாரும் பாக்கல சார். பள்ளிக்கூடத்துல இருந்து இப்படித்தான் போட்டேன். போறதுக்கு முன்னாடி நாலு நாள் என் கையாலயே போட்டுட்டுப் போலாமேன்னு."

"மேல இருந்து போட்டப்ப வேகம் வந்துச்சே," என்றாள் கரின்.

"வந்துச்சு, மேடம். பந்து எங்க போகுதுன்னு எனக்குத்தான் தெரியல. அடிக்கிறவனுக்கு நல்லாத் தெரிஞ்சுது."

தாம்லின் இருமிக்கொண்டு எழுந்து தூரப் போனார். அவர் சிரிக்கிறார் என்று முதுகில் தெரிந்தது.

கரின் வந்த வேலையைச் சொல்லவில்லை. "குளிச்சிட்டு இங்கயே இரு. எங்கயும் போகாத," என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பினாள். மணி பதினொன்று ஐந்து.

எழுபத்தொரு பந்து வீச்சாளர்களின் தாள்களையும் எடுத்து மேசையில் பரப்பினாள். திட்டத்துக்கு முன் ஒவ்வொருவனின் கை எங்கே இருந்தது, பின் என்ன ஆனது என்று பார்த்தாள். இதை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள், ஆனால் மொத்தமாக. மொத்தமாகப் பார்த்தால் கோடு மேலே ஏறியது. ஏறிய கோட்டைத்தான் ஓனருக்குக் காட்டினாள். இப்போது இயல்பிலேயே கையைத் தாழ்த்தி வீசியவர்களை மட்டும் தனியே எடுத்தாள். ஒன்பது பேர். எட்டுப் பேர் முன்பைவிட மோசமாகியிருந்தார்கள். மற்ற அறுபத்திரண்டு பேரின் நல்ல எண்களுக்கு அடியில் இந்த எட்டும் சத்தமில்லாமல் படுத்திருந்தன.

அந்த எட்டில் மூன்று பெயர்கள் இன்று காலைப் பட்டியலில் இருந்தன.

அந்த மூன்று தாள்களையும் ஓரமாக அடுக்கி வைத்தாள். குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. பிறகு விதிப் புத்தகத்தை எடுத்தாள்.

இடம் வேண்டும். இன்னொருவனை அனுப்பி இவனை வைக்க அவளுக்கு விருப்பமில்லை, காலையில் செய்தது போதும். வேறு ஒரே ஒரு வழி இருந்தது. அறுபது நாள் காயப் பட்டியலில் போகிறவன் நூற்று அறுபத்தைந்தில் சேரமாட்டான். முழங்கையில் அறுவை சிகிச்சை முடிந்து ஆறிக்கொண்டிருந்த ஒருவன் இருந்தான்: பிராண்ட் கெஸ்லர். ஃபெல்டன் தன் பெயரைப் பணயம் வைத்து, புது ஆட்டக்காரர் தேர்வின் முதல் சுற்றில் எடுத்த பையன். மே மாதமே ஆடுவான் என்று ஓனருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஏப்ரலில் ஆட்டங்கள் தொடங்கும் நாளிலிருந்து அறுபது நாள் என்றால் ஜூன் ஆகிவிடும். ஃபெல்டன் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும். போடச் சொன்னால் காரணம் கேட்பார்.

பெரிய மைதானத்தில், மூன்றாவது பேஸுக்குப் பின்னால் இருக்கை வரிசையில், ஃபெல்டன் வான்கோழி சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கரின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தை நீட்டினாள். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கெஸ்லரா? எண்பத்தேழு போடுற ஒருத்தனுக்காகவா?"

"ஜூன் முதல் வாரம் வந்துடுவான். டாக்டரும் மே கொஞ்சம் சீக்கிரம்னுதான் சொல்றார்."

"டாக்டர் சொல்வார். ஓனர்கிட்ட நான்ல சொல்லணும். இவன்கிட்ட அப்படி என்ன இருக்கு?"

"என் திட்டம் இவனைக் கெடுத்துடுச்சு, வின்ஸ். பதினெட்டு நாள் நாம கண்டுக்காம விட்டோம், தானா சரியாயிட்டான்."

ஃபெல்டன் மெல்லுவதை நிறுத்தினார். "எதைச் சொல்றேன்னு யோசிச்சுதான் சொல்றியா?"

"ஆமா."

"இந்த வாரத்துல?"

"ஆமா."

"இன்னும் எத்தனை பேர்?"

"இவனையும் சேர்த்து எட்டு."

"அதுல இன்னிக்குக் காலையில அனுப்பினது?"

"மூணு."

மைதானத்தில் யாரோ அடித்த பந்து அவர்களுக்கு முன்னால் இருந்த தடுப்பில் மோதி விழுந்தது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

"நீ சொல்லலன்னா எனக்கு இது தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"பின்ன ஏன் சொல்ற?"

"அவனை வச்சுக்கச் சொல்ல வேற காரணம் என்கிட்ட இல்ல."

ஃபெல்டன் கையைத் துடைத்துக்கொண்டார். பேனாவைக் கேட்டார். படிவத்தைத் தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணலாக விழுந்தது.

"வெள்ளிக்கிழமை இதையும் சேர்த்துத்தான் ஓனர்கிட்ட சொல்ல வேண்டியிருக்கும்," என்றார்.

"சொல்லுங்க."

"என்ன சொல்வார்னு எனக்குத் தெரியாது. ஆனா எழுதினவங்களே வந்து தப்புன்னு சொன்ன திட்டம் ஒண்ணை இந்தத் தொழில்ல நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. அதையும் சொல்றேன்." சாண்ட்விச்சை மறுபடி எடுத்தார். "மத்த நாலு பேர் கையையும் இறக்கச் சொல்லு. சாயங்காலத்துக்குள்ள."

ஒன்று நாற்பதுக்கு லீக் ஆபீசுக்குப் படிவம் போனது. அதன்பின் கரின் அந்த மூன்று பேருக்கும் போன் செய்தாள். அனுப்பிவிட்டவனுக்கு யாரும் போன் செய்வதில்லை. அவன் நாளைக்கே எதிர் கிளப்பில் சேரலாம்.

முதலாமவன் எடுக்கவில்லை. இரண்டாமவன் எடுத்தான், கேட்டான், ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிட்டான். மூன்றாமவன் டாம்பா விமான நிலையத்தில் இருந்தான்.

"மேடம், எதையாவது விட்டுட்டு வந்துட்டேனா?"

"இல்ல. கையைப் பழையபடி கீழ இருந்து போடு. தப்பு உன் பேர்ல இல்ல, என் பேர்ல. உனக்கு இடம் தேடித்தர நாலு கிளப்புல பேசப் போறேன். யாராவது கூப்பிட்டா, பழைய கையாலேயே போட்டுக் காட்டு."

அவனுக்குப் பின்னால் விமான அறிவிப்பு ஒன்று ஓடியது. "நாளைக்கு எங்க அப்பா கடையில சேர்றேன்னு சொல்லிட்டேனே," என்றான்.

"ஒரு வாரம் தள்ளிப் போடு."

"ஒரு வாரம்தானே? சரி." அவன் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. "ஒரு வாரம்னா அப்பா திட்டமாட்டார்."

ரூடி சொன்னபடி அங்கேயே இருந்தான். காலி லாக்கர் முன் பையைக் கட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சட்டையை ஏற்கெனவே ஓர்ட்டிஸிடம் கொடுத்துவிட்டான் போலிருக்கிறது. கரினும் தாம்லினும் உள்ளே வந்ததும் எழுந்து நின்றான்.

"வியாழக்கிழமை காலையில எட்டு மணிக்கு பஸ்," என்றாள் கரின். "நம்ம டேவன்போர்ட் கிளை டீம். நீ அதுல போற."

அவன் புரியாமல் தாம்லினைப் பார்த்தான். தாம்லின் தலையசைத்தார். அவன் மறுபடி உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். காதில் உரிந்த தோல் உதிர்ந்தது.

"அங்க நான் யார்கிட்ட போய் நிக்கணும், மேடம்?"

"யார்கிட்டயும் வேணாம். மே மாசம் வரைக்கும் உன் கையைப் பத்தி யாரும் பேசக்கூடாதுன்னு எழுதி அனுப்பியிருக்கேன்."

"நான் ஹலோ சொல்லலாமா?" என்றார் தாம்லின்.

"தூரத்துல இருந்து."

ரூடி சிரித்தான். பையின் ஜிப்பைத் திறந்து காலணியை எடுத்து லாக்கருக்குள் வைத்தான். பிறகு நிமிர்ந்து கேட்டான்: "நாளைக்கும் ஆறாவது மைதானத்துல ஆள் கம்மியாம். போடட்டுமா?"

"வேணாம். இன்னிக்கே நான் பார்க்க அறுபத்திரண்டு பந்து போட்டிருக்க."

"அறுபத்து மூணு, மேடம். நீங்க போன் பேசினப்ப ஒண்ணு போட்டேன்."